கோர்ஸ் பேரு பெருசு, பத்து வரிக்கு வழியில்ல

"அமீர்பேட்டுல நல்ல இன்ஸ்டிட்யூட்டா ஒண்ணு சொல்லுங்க சார்"னு ஊர்லேருந்து போன் வராத மாசமே கிடையாது. நானோ பி.காம் படிச்ச பேங்க்காரன். ஐதராபாத்துல இருக்கேங்கறதுதான் ஒரே தகுதி. இருந்தாலும் சொல்றேன், கேளுங்க.

மைத்ரிவனம், ஆதித்யா என்க்ளேவ் பக்கம் போனா சுவர் தெரியாத அளவுக்கு போர்டு. லினக்ஸ் அட்மின், டெவ்ஆப்ஸ், கிளவுட்னு என்னென்னவோ. அங்க படிச்சு முன்னுக்கு வந்த பசங்க ஏராளம், மறுக்கல. ஆனா லினக்ஸ் சர்டிபிகேட்டோட வீட்டுக்கு வர்ற பையன், அப்பா எடுத்த கல்யாண போட்டோ ஆயிரத்தையும் ஒண்ணொண்ணா ரைட் கிளிக் பண்ணிப் பேரு மாத்தறானே, அது என்னங்க படிப்பு?

ஒரு சின்ன ஃபார் லூப் போட்டா அது ஒரு நிமிஷ வேலை. ஆர்சிங்க்னு ஒண்ணு 1996லேருந்து இருக்கு. மாறின ஃபைலை மட்டும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி பண்ணும். அதை கிரான்ல மாட்டிட்டா, ராத்திரி மெஷின் ஓடிட்டிருந்தா போதும், தானா நடக்கும். டிஸ்க் தொண்ணூறு சதவீதம் ரொம்பினா எச்சரிக்க டிஎஃப்பும் ஆக்கும் சேர்ந்த ரெண்டு வரி. எல்லாமே இலவசம்.

"இன்டர்வியூல இதையெல்லாம் கேக்க மாட்டாங்க"ம்பாங்க. கேக்காட்டி போகட்டும், வேலைக்குச் சேர்ந்த மறுநாள் தேவைப்படுமே! "ஏஐ எழுதிக் குடுத்துடும்"ங்கறது புது சாக்கு. குடுக்கும்தான். வவுச்சரைப் படிக்காம பேங்க்ல யாராவது கையெழுத்து போடுவாங்களா? ஆர்சிங்க்ல 'டெலீட்' சேர்த்து, எது மூலம், எது நகல்னு மாத்திக் குடுத்துட்டா, மூலத்துல இருக்கறதே அழிஞ்சிடும். பழைய போட்டோ, பென்ஷன் பேப்பர் ஸ்கேன் எல்லாம் போச்சு. முதல்ல 'ட்ரை ரன்' போட்டு என்ன நடக்கும்னு பாக்கணும்னு தெரிஞ்சவன்தான் தப்பிப்பான்.

தமிழ்லயே படிக்கணும்னா கணியம் இதழ் 2012லேருந்து லினக்ஸ் பத்தி எழுதிட்டு வருது. காசு கிடையாது.

அதனால அடுத்த தவணை ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி பையனையோ பொண்ணையோ கூப்பிட்டு, "நம்ம வீட்டு பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுது, வரிவரியா எனக்குப் புரியவை"னு சொல்லுங்க. முடிஞ்சா தாராளமா ஃபீஸ் கட்டுங்க. முழிச்சா, இன்ஸ்டிட்யூட்டுல போய் உக்காந்து கேள்வி கேளுங்க. உங்க காசு சார் அது!