கூடு மட்டும் போதுமா?

நம் வகுப்பில் பாதிப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச் மின்னுகிறது. கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, “மெட்டல் பாடியா?” என்பதுதான். மெட்டல் என்றால் கெத்து; அடுத்த வருஷம் விற்றாலும் நல்ல விலை போகும் என்று ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம்.

அந்த மெட்டல் எது? மலிவு வாட்ச்களில் பெரும்பாலும் ஜிங்க் அலாய். உருக்கி அச்சில் வார்ப்பது சுலபம். கையில் எடுத்தால் கனக்கும், “அட, ஸ்டீல்டா!” என்று ஏமாந்து விடுவோம். மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்ததுதானே? ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5, ஜிங்க் 7.1, ஸ்டீல் ஏறக்குறைய 8. விலை உயர்ந்த டைட்டானியம் லேசானது, மலிவான ஜிங்க் கனமானது! கனத்தை வைத்து மதிப்புப் போட்டால் என்ன ஆகும்? மேலே பூசிய முலாமும் நம்ம ஊர் சித்திரை வெயிலில் வியர்வை பட்டுப் பட்டு உரிந்துவிடும். (லேத் முன்னால் நிற்கும்போது வாட்ச்சே கட்டக்கூடாது என்பது வேறு விஷயம்.)

சரி, அசல் தங்கமே என்றால்? 2015-ல் ஆப்பிள் கம்பெனி 18 காரட் தங்கத்தில் வாட்ச் விட்டது. விலை 10,000 டாலரில் தொடங்கி 17,000 டாலர் வரை! உள்ளே இருந்ததோ அலுமினிய மாடலில் இருந்த அதே சில்லுதான். 2016-ல் தங்கம் போய் செராமிக் வந்தது. 2018-ல் வந்த புதிய மென்பொருள் அந்தத் தங்க வாட்ச்சுக்குக் கிடைக்கவில்லை. இனி அதற்கு விலை சொல்ல வேண்டியது நகைக்கடைத் தராசுதான்.

நம் தாத்தாக்கள் கட்டிய எச்.எம்.டி.யைப் பாருங்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியுடன் பெங்களூரில் தொடங்கிய பிரிவு அது. 2016-ல் அதை மூட மத்திய அரசு முடிவு செய்தது. பல மாடல்களில் கூடு வெறும் குரோம் பூசிய பித்தளை, பின்மூடி மட்டும் ஸ்டீல். ஆனாலும் பழைய ‘ஜனதா’வை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஏன்? மூடியைத் திறந்து, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டால் மறுபடி ஓடும். ஓசூரில் செய்த டைட்டன் குவார்ட்ஸ் என்றாலும், பேட்டரி மாற்ற எந்த வாட்ச் கடையிலும் ஐந்து நிமிஷம்தான்.

ஸ்மார்ட் வாட்ச்சோ பசை போட்டு ஒட்டியது. சில வருஷத்தில் பேட்டரி தளர்ந்தால், ஸ்டீல் கூடும் பிளாஸ்டிக் கூடும் ஒன்றுதான். ஆகவே கூடு எதனால் ஆனது என்பதைவிட, அது திறக்குமா என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

கனகம்மாசத்திரத்தில் ஒரு கடையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். “பிரிச்சா திரும்ப ஒட்டணும்ப்பா, அப்புறம் தண்ணி பூந்துடும். புதுசே வாங்கிக்கோ” என்றார் கடைக்காரர். பழசை எவ்வளவுக்கு எடுத்துப்பீங்க என்றேன். மெட்டலா பிளாஸ்டிக்கா என்றுகூட அவர் கேட்கவில்லை. “சார்ஜ் எத்தனை நாள் நிக்குது?” என்றார்.