குடிவழி காப்போர் யார்?

நாட்டுச் சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் அரசரையும் போரையுமே எழுதி வைத்தனர். கடல் கடந்து வந்து, வாணிகம் புரிந்து, மக்களைப் பெற்று மாண்ட எளிய மனிதரின் பெயரை எழுதி வைப்பார் யார்? இவ்வினாவை நமது சேதுநாட்டுக் கரையே நம்மிடம் கேட்கின்றது.

சிக்கலிலிருந்து கிழக்கே ஏர்வாடியும் கீழக்கரையும் கடந்து சென்றால் பெரியபட்டினத்தை அடையலாம். பாண்டியர் காலத்தில் பவித்திரமாணிக்கப்பட்டினம் என வழங்கியது அவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். சீனப் பீங்கான் ஓடுகள் அங்கே மிகுதியாகக் கிடைத்துள்ளன. திருப்புல்லாணிச் சாசனம் ஒன்று அப்பட்டினத்துச் சூதப்பள்ளியைக் குறிக்கின்றது. அது யூதரின் ஜெப ஆலயம் எனக் கொள்வர். 13-ஆம் நூற்றாண்டின் எபிரெயக் கல்லறைக் கல்லும் இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ளது. ஆலயம் மறைந்தது, மக்களும் மறைந்தனர், கல் மாத்திரம் எஞ்சிற்று.

யூதர் தம் கல்லறையில் மாண்டவர் பெயரோடு தந்தையின் பெயரையும் பொறிப்பது வழக்கம். ஆதலின் ஒரு கல்லே இரு தலைமுறைகளை உரைக்கும். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டுக் கல்லொன்று இஸ்ரவேலின் குமாரத்தி சாராளைப் பற்றிக் கூறுகின்றது. அவளைப் பற்றி வேறெந்த ஏடு பேசும்? சென்னையிலோ, 1687-இல் மாண்ட போர்ச்சுக்கீசிய யூத வணிகர் டி பைவாவின் கல், முதலில் நின்ற இடத்தினின்றும் பெயர்க்கப்பட்டு லாயிட்ஸ் சாலையை அடைந்தது. கல்லும் இடம் பெயரும். காப்பாரின்றேல் படிக்கட்டாகவும் மாறும்.

1939 முதல் 1945 வரை நிகழ்ந்த உலகப் போரில் ஏறக்குறைய 60 லட்சம் யூதர் கொலையுண்டனர். ஊர் ஊராகக் குடிவழிகள் அறுந்தன. அறுந்த இழையைத் தேடுவார் சிலர் 1977-இல் நியூயார்க் நகரில் யூதக் குடிவழி ஆராய்ச்சிச் சங்கமொன்றை நிறுவினர். பின்னர்ப் பல நகரங்களில் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. கப்பல் பிரயாணிகளின் பட்டி, விவாகப் பதிவு, கல்லறை வாசகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாட்டன் முப்பாட்டனைக் கண்டறிவதே அவற்றின் பணி. இதனைச் செய்வோருட் பெரும்பாலார் பண்டிதரல்லர். ஓய்வு நேரத்தில் உழைக்கும் சாதாரண மக்களே.

“அயலாரின் கல்லறையால் நமக்கு ஆவதென்ன?” என வினவுவாருளர். 1948-க்குப் பின் கொச்சி யூதருட் பெரும்பாலார் இஸ்ரவேல் நாடு சென்றனர். அவர்தம் பேரர் முன்னோரைத் தேடி வருங்கால், இங்குள்ளோர் காத்த கல்லன்றோ விடை கூறும்? நம்மவரும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று அங்கேயே மாண்டனரல்லரோ? அவர்தம் கல்லறைகளை அயலார் காக்கவேண்டுமென விரும்பும் நாம், நம் கரையில் துயில்வோர்க்கு அதனை மறுத்தல் நியாயமாகாது.

மாணவ நண்பர்காள்! முப்பாட்டனுக்கு அப்பால் பெயர் சொல்ல வல்லார் நம்முள் எத்துணைப் பேர்? கோடை விடுமுறையில் ஊர் திரும்புங்கால் ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்மின். கோயிற் சுவரும், பள்ளிவாசற் கபுறுகளும், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடும் உரைப்பவற்றை உரியோரின் அனுமதியோடு உள்ளது உள்ளபடியே பெயர்த்தெழுதுமின். கல் நிற்கும் இடத்தையும் குறித்து வைம்மின். முதியோர் வாய்மொழியையும் அவர் உள்ளபோதே கேட்டெழுதுமின். அவ்வேடுகளைத் தொகுத்துக் கல்லூரிப் புத்தகசாலையில் வைப்போமாயின், அதுவே நம் சேதுநாட்டின் குடிவழிச் சங்கத்திற்குத் தொடக்கமாகும். பெரும்பொருள் வேண்டுவதில்லை, மழையும் உப்புக்காற்றும் எழுத்தை அரிக்குமுன் செய்தல் வேண்டும்.