எரிச்சலை விரும்பக் கற்றது எப்படி?



மாசி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் சீமையில் மிளகாய்ப் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும். வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைத்த முண்டு மிளகாய், பரமக்குடி, முதுகுளத்தூர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் களங்களில் வத்தலாகக் காயும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. புது வத்தல் சந்தைக்கு வந்ததும் நம் வீடுகளில் வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூள் அரைக்கும் வேலையும் தொடங்கும். அதனால்தான் இந்த மாத இதழை மிளகாய்ச் சிறப்பிதழாகக் கொண்டுவந்திருக்கிறோம். வேலை நடந்த நாட்களில் ஆசிரியர் குழுவுக்குள் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றுண்டு. கண்ணில் நீர் வரவைக்கிற, நாக்கைச் சுடுகிற ஒன்றுக்காக மனிதர்கள் ஏன் இப்படி ஏங்குகிறார்கள்?

நம் முன்னோர் கார்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்தார்கள். உடலியல் அறிஞர்கள் அதைச் சூடு, வலி ஆகியவற்றோடு சேர்க்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது. நம் நரம்பு முனைகளில் ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், சூடே இல்லாமல் அதே புரதத்தை எழுப்பிவிடுகிறது. வாய் வெந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. உடனே உடம்பைக் குளிர்விக்க வியர்வையையும், வாயைக் கழுவ எச்சிலையும் வரவழைக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகாய்ச் செடிக்கு இந்த எரிச்சல் எதற்கு? விதையைக் கடித்து நொறுக்கும் பாலூட்டிகளை விரட்டுவதற்கு. பறவைகளுக்குக் கேப்சைசின் உறைக்காது. கிளி மிளகாய்ப் பழத்தைச் சாவகாசமாகக் கொறிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பறவையின் வயிற்றைக் கடந்து விதை சேதமில்லாமல் வெளியே வருகிறது, தூரத்து மண்ணில் விழுந்து முளைக்கிறது. நம்மை விரட்டுவதற்காகச் செடி சேர்த்துவைத்ததையே நாம் தேடித் தேடிப் பயிர் செய்கிறோம்!

அதுவும் நமக்கு அவ்வளவு பழைய உறவு இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக விளைந்தது, 16-ஆம் நூற்றாண்டில்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. அதுவரை நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருளும் அதே நரம்புப் புரதத்தைத் தொடக்கூடியதுதான். ஆகவே புதிதாக வந்த மிளகாய்க்கு, மிளகில் பழகிய நாக்கு இங்கே காத்திருந்தது.

வெயில் நாடுகளில் உணவு சீக்கிரம் கெட்டுவிடும், கிருமியைக் கொல்லவே அங்கே காரமும் மசாலாவும் அதிகமாயின என்று ஒரு விளக்கம் உண்டு. 70 சமையல் மரபுகளின் 33,000-க்கும் மேற்பட்ட செய்முறைகளை அலசி 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த விளக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வலியைத் தணிக்க மூளை சுரக்கும் எண்டார்பின்தான் காரத்தில் கிடைக்கும் இன்பத்தைத் தருகிறது என்றும் ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். என் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது வேறோர் ஆய்வு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் ரோசின், மெக்சிகோவின் வஹாகா பகுதிக் கிராமம் ஒன்றில் மக்கள் மிளகாய்க்கு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்ந்தார். அங்கே நாய்களும் பன்றிகளும் நாள்தோறும் மிளகாய் கலந்த மிச்ச உணவைத்தான் தின்று வளர்ந்தன. ஆனால் காரமுள்ளது, காரமில்லாதது இரண்டையும் முன்னால் வைத்தால் அவை காரத்தை விரும்பித் தேடவில்லை. அதே ஊர்க் குழந்தைகளோ சில வருஷங்களில் தாமாகவே மிளகாய் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் விரும்பிச் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ரோசின் இன்னொன்றும் சொன்னார்: பயமூட்டும் ராட்சத ராட்டினத்தில் ஏறுவது போன்றதுதான் காரமும். உடம்பு ஆபத்து என்று அலறுகிறது, ஆபத்து ஏதுமில்லை என்று மனதுக்குத் தெரிகிறது. அந்தத் தெளிவு இருந்தால்தான் எரிச்சல் இன்பமாகிறது.

இதைப் படித்தபோது நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன். முதலில் நெய் விட்ட பருப்புச் சாதம். பிறகு மேலாகத் தெளிந்த ரசம். பிறகு குழம்பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசிய கறித்துண்டு. ஒரு நாள் பிள்ளை தானாகவே, “எனக்கும் அந்தக் குழம்புதான் வேணும்” என்று அடம்பிடிக்கும். ஒரு வாய் வாங்கி, “ஸ்ஸ்” என்று கண் கலங்கி, மறுபடி வாய் திறக்கும். பக்கத்தில் அம்மாவோ அப்பத்தாவோ இருக்கும் தைரியம் அது. நம் காரம் நம்பிக்கையானவர்களின் கையால் வந்தது. யாழ்ப்பாணத்து அம்மாக்கள் வறுத்து இடித்த கறித்தூள் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் பொட்டலமாகப் பறப்பதன் காரணமும் இதுதான் என்று நம்புகிறேன். அங்கே கடைகளில் மிளகாய்த்தூளுக்குப் பஞ்சமில்லை. ஏங்குவது அந்தக் கைக்காக.

பாதுகாப்பும் சொந்த விருப்பமும் சேர்ந்தால்தான் எரிச்சல் சுவையாகிறது என்றால், அதிலிருந்து நமக்குச் சில கடமைகள் வருகின்றன.

காரம் தாங்காத பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள், திணிக்காதீர்கள். அதன் வேகத்தில் அது வரட்டும். வராமலே போனாலும் குறையில்லை. வாய் எரிந்தால் தண்ணீரை விடத் தயிரும் பாலும் நல்லது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றி நீக்கிவிடும். வளரிளம் பிள்ளைகளின் ‘காரச் சவால்’ வீடியோக்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் அதீதக் கார சிப்ஸைச் சாப்பிடும் சவாலில் இறங்கிய ஒரு பதின்வயதுச் சிறுவன் உயிரிழந்தான். 

வயதானவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் காரம் அல்ல, ஒரு வகைப் பாக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும்தான். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்தவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் காரம் தொல்லை தரலாம். உடம்பு வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? ஒரே வீட்டில் இரண்டு பக்குவத்தில் குழம்பு கொதிக்கலாம்.

கடைசியாக, மிகவும் மனதை உறுத்தும் விஷயம். நமக்கு இன்பம் தரும் அதே கேப்சைசின், பழம் பறிக்கும் பெண்களின் விரல்களிலும் வத்தல் காம்பு கிள்ளுபவர்களின் உள்ளங்கையிலும் இரவு முழுக்க எரிகிறது. அந்த எரிச்சலை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, கூலிக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். விதைத்தவரின் நிலையும் சுலபமில்லை. பருவமழை ஏமாற்றினால் செடி வாடும், பறிக்கிற நேரத்தில் பெய்தால் பழம் அழுகும், நன்றாக விளைந்த வருஷத்தில் விலை இறங்கும். நம் ஆசைக்கான விலையை அவர்கள் மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

எனவே இந்த இதழோடு உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த வருஷ மிளகாயை முடிந்தவரை விவசாயிகளிடமோ அவர்களுடைய உற்பத்தியாளர் நிறுவனங்களிடமோ நேரடியாக வாங்குங்கள். களத்திலோ மண்டியிலோ வேலை தரும் இடத்தில் இருப்பவர்கள், ஆட்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் முதலில் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குக் காரத்தைப் பழக்கியவர் யார் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம். அவர் இன்றும் உங்களோடு இருந்தால், கடிதம் எழுதும் முன் அவரிடமே அதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்