ஓடும் பாதத்திற்கு ஏற்ற காலணி



வளைகுடா நாடுகளிலும் பெருநகரங்களிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலரிடம் புதியதோர் ஆர்வம் தலைதூக்கியிருக்கிறது. நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் ‘டிரையத்லான்’ போட்டியே அது. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1974-இல் தொடங்கிய இவ்விளையாட்டு, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அங்கு வகுக்கப்பட்ட தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2016-இல் துபாயிலும் 2019-இல் கோவாவிலும் நடைபெற்ற ‘அயர்ன்மேன் 70.3’ போட்டிகள் இதனினும் கடினமானவை. அவற்றில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஓட்டம் நமக்கு அந்நியமானதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை நாம் அறிவோம். ஆயினும், விடுமுறையில் ஊர் வந்த மகன் 20,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஷூவைக் காட்டும்போது, ‘ஓடுவதற்கா இவ்வளவு?’ என்று தந்தையார் திகைக்கிறார். ‘வீட்டில் கிடக்கும் ஷூ போதாதா?’ என்று தாயார் கேட்கிறார். இவ்விரு கேள்விகளில் முன்னது நியாயமானது. பின்னதை ஏற்பதற்கில்லை. அழகுக்காக அணியும் ஷூவையும் கிரிக்கெட் ஆடும் ஷூவையும் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவோர், கணுக்காலையும் முழங்காலையும் நோகடித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல நேரிடும். அங்கே ஆகும் செலவு, நல்லதொரு பயிற்சிக் காலணியின் விலையைவிட அதிகமாக இருக்கலாம்.

டிரையத்லானில் ஓட்டம் கடைசியில் வருகிறது என்பதை முதலில் மனத்திற்கொள்ளுங்கள். சைக்கிளிலிருந்து இறங்குபவரின் தொடைகள் களைத்திருக்கும். கால்கள் மரக்கட்டைபோல் கனக்கும். பாதமோ வெயிலிலும் உழைப்பிலும் வீங்கியிருக்கும். காலையில் கடையில் அளவெடுத்து வாங்கிய இறுக்கமான ஷூ, அந்த நேரத்தில் விரல் நகங்களைக் கறுக்கச் செய்துவிடும். ஆகவே காலணி வாங்க அஸருக்குப் பிறகு செல்வது நன்று. பகல் முழுதும் நின்று நடந்த பாதம் அப்போது சற்றே பெருத்திருக்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து அளவு பாருங்கள். நின்ற நிலையில், நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லையாதலால், பெரிய பாதத்திற்கு ஏற்றதையே வாங்க வேண்டும். எட்டாம் எண் என்றால் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவு என்று நம்பிவிடாதீர்கள். வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் விரல் தட்டி வாங்குவது எளிது. ஆனால் முதல் ஜோடியையாவது காலில் மாட்டிக் கடைக்குள்ளேயே சில அடிகள் ஓடிப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

உளூச் செய்துவிட்டு ஈரக்காலுடன் தரையில் நடக்கும்போது பாதத்தின் சுவடு பதிவதைக் காண்கிறோம். அச்சுவடு முழுமையாகப் பதிந்தால் தட்டைப்பாதம் என்றும், நடுவில் மறைந்தால் வளைவு மிகுந்த பாதம் என்றும் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனி வகை ஷூவைப் பரிந்துரைக்கும் வழக்கம் கடைகளில் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகியவற்றில் பயிற்சிக்கு வந்தோரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதத்தின் வடிவத்திற்கேற்ப ஷூ வழங்கப்பட்டோருக்கும், வடிவத்தைப் பாராமல் ஒரே வகை ஷூ வழங்கப்பட்டோருக்கும் ஏற்பட்ட காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே விற்பனையாளரின் வகைப்பாட்டைவிட, உங்கள் பாதம் சொல்லும் சுகத்திற்கே முதலிடம் கொடுங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அவர் சொன்னால் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் அடியிலேயே உறுத்தும் காலணி பத்தாவது கிலோமீட்டரில் இரக்கம் காட்டாது.

குதிகால் பகுதிக்கும் முன்பாதப் பகுதிக்கும் இடையேயுள்ள உயர வேறுபாட்டையும் கேட்டறியுங்கள். 8 முதல் 12 மில்லிமீட்டர் வேறுபாடுள்ள ஷூவில் ஓடிப் பழகியவர், 4 மில்லிமீட்டருக்கோ அதற்குக் கீழோ திடீரென்று மாறினால் கெண்டைக்காலும் குதிநரம்பும் அதிகச் சுமையைத் தாங்க நேரிடும். மாறத்தான் வேண்டுமெனில் வாரக்கணக்கில், சிறிது சிறிதாக மாற வேண்டும்.

இனி அந்த விலையுயர்ந்த ஷூவுக்கு வருவோம். 2017-க்குப் பிறகு, கனமற்ற மென்நுரையும் அதனுள் கார்பன் தகடும் வைத்த பந்தயக் காலணிகள் சந்தையை ஆட்கொண்டன. ஓடுபவரின் சக்திச் செலவை அவை சற்றுக் குறைக்கின்றன என்பது உண்மையே. அடித்தட்டின் தடிமன் ஏறிக்கொண்டே போனதால், 2020-இல் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்திற்கு 40 மில்லிமீட்டர் என்று வரம்பு கட்டியது. 2021-இல் வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா, 50 மில்லிமீட்டர் அடித்தட்டுள்ள ஷூ அணிந்திருந்ததால் வெற்றியை இழந்தார். ஒரு சென்டிமீட்டர் தடிமன் இரண்டு மணி நேர உழைப்பை விழுங்கிவிட்டது! போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் காலணி குறித்த விதியைப் படித்துவிடுவது அவசியம்.

முதன்முறை போட்டியிடும் பிள்ளைக்கு அத்தகைய ஷூ தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. பந்தய ஷூவின் மென்நுரை விரைவில் சோர்ந்துவிடும். அதன் உயர்ந்த, குறுகிய அடித்தட்டில் களைத்த கால்கள் தள்ளாடவும் கூடும். அதே தொகைக்குப் பயிற்சிக்குரிய உறுதியான ஷூ இரண்டு ஜோடிகளே வாங்கிவிடலாம். ஒன்றை மாற்றி ஒன்று அணிவோருக்குக் காயங்கள் குறைவாக ஏற்பட்டதை லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நனைந்த ஜோடி உலர்வதற்கும் அவகாசம் கிடைக்கும். தரைமட்டமான மிதிகட்டை உள்ள சைக்கிளாயின், ஓடும் ஷூவுடனேயே சைக்கிளும் மிதித்து முதல் போட்டியை முடித்துவிடலாம். சைக்கிளுக்கென்று தனி ஷூ வாங்கும் செலவும் மிச்சம்.

தனிக் காலணி வைத்திருப்போர், சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட்டத்திற்கு மாறும் இடத்தில் அவசரமாக ஷூ மாற்ற வேண்டியிருக்கும். அந்த நேரமும் போட்டிக் கணக்கில் சேரும். முடிச்சுப் போடத் தேவையில்லாத ரப்பர்க் கயிறும், குதிகாலில் பிடித்து இழுக்க ஒரு வளையமும் இருந்தால் வேலை எளிதாகும். வலக்காலை முதலில் நுழைப்பது நம் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழகிப்போன சுன்னத் அல்லவா! நேரம் மிச்சப்படுத்தக் காலுறையின்றி ஓடுவோரும் உண்டு. அவர்கள் உள்தையல் உறுத்தாத ஷூவைத் தேர்ந்தெடுத்து, தையல் படும் இடங்களில் வாசலைன் தடவி, பயிற்சியிலேயே அதைச் சோதித்துவிட வேண்டும். 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமானால், காலுறை அணியச் செலவாகும் சில விநாடிகள் கொப்புளத்தைவிட மலிவானவை.

நம் பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிரின் கெராமி என்னும் ஈரானியப் பெண்மணி, தலையும் உடலும் மறையும் ஆடையுடன் 2013-இல் லண்டன் உலகப் போட்டியில் கலந்துகொண்டு, டிரையத்லானில் தம் நாட்டின் சார்பாகப் போட்டியிட்ட முதல் பெண்ணானார். 2016-இல் ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியையும் நிறைவு செய்தார். முழு ஆடை அணிந்து ஓடும்போது, வெப்பம் தணிக்கத் தலையில் ஊற்றும் நீர் துணிவழியே வழிந்து ஷூவுக்குள் இறங்கும். ஆகவே வலைபோன்ற மேல்துணியும், நீர் எளிதில் வெளியேறும் அமைப்பும் உள்ள ஷூவே பொருத்தமானது. காற்சட்டையின் விளிம்பு குதிகாலில் சிக்காத அளவில் இருக்க வேண்டும்.

தோல் குறித்து ஐயம் எழுவதும் இயல்பே. ஓட்டக் காலணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழையால் ஆனவை. ஆயினும் சிலவகை ஷூக்களில் உட்புறத்தில் பன்றித்தோல் வைப்பதுண்டு. ஷூவிலும் பெட்டியிலும் உள்ள மூலப்பொருள் குறிப்பைப் படித்து வாங்குங்கள்.

போட்டி நாளன்று புத்தம்புது ஷூவை அணிவிக்க வேண்டாம். சைக்கிள் மிதித்தவுடன் இறங்கி ஓடும் பயிற்சியில் சில தடவையாவது அது பழகியிருக்க வேண்டும். ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். உடல் கனத்தவருக்குச் சற்றுக் குறையலாம். மேலே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளேயுள்ள நுரை செத்துப்போயிருக்கும். வாங்கிய தேதியை நாக்குப் பகுதியின் உட்புறத்தில் மையால் எழுதி வைத்து, ஓடிய தூரத்தை ஒரு குறிப்பேட்டில் கூட்டி வாருங்கள். நனைந்த ஷூவைக் கொளுத்தும் வெயிலிலோ அடுப்படியிலோ வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். ஓட்டத்திற்கு உதவாத நிலை வந்தபின்னும், கடைத்தெருவுக்கு நடந்து போய்வர அது இன்னும் ஓராண்டு உழைக்கும்.