சும்மா போட்ட இடம்

என் தம்பி திருநெல்வேலிப் பேட்டைக்கு மேற்கே 2 சென்ட் மனை வாங்கியிருக்கிறான். கிழக்கு பார்த்த மனை; முகப்பு 20 அடி, ஆழம் 43½ அடி. தை பிறந்ததும் வேலையைத் தொடங்கவேண்டும் என்று போன வாரம் பிளானைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். முன்னால் போர்டிகோ, அடுத்து ஹால், இரண்டு படுக்கையறை, அதில் ஒன்றுக்கு அட்டாச்டு பாத்ரூம், மூலையில் ஏழுக்கு எட்டில் ஓர் அடுக்களை. பக்கங்களிலும் பின்னாலும் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. "முற்றம் வேண்டாமாடா?" என்று கேட்டேன். தம்பி வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த கொத்தனார் சொன்னார்: "எடத்த சும்மா போட்டா என்ன வரும் அண்ணாச்சி? மூடுனா ஒரு ரூமு வரும்லா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நெல்லைச் சீமையில் இன்று வீடு கட்டும் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் இதையேதான் சொல்வார்கள். மனை சிறியதென்றால் ஓரடியும் விடாமல் கூரை போட்டு மூடிவிட வேண்டும். திண்ணையும் முற்றமும் புறவாசலும் நிலபுலன் வைத்திருந்தவர்களின் ஆடம்பரம். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஊரே நம்பும் இந்தக் கணக்கு தப்பு. 2 சென்ட்காரனால்தான் முற்றத்தை இழக்க முடியாது. பெரிய வீட்டுக்காரர் ஒரு வேலைக்கு ஓர் அறை வைத்துக்கொள்வார். சிறிய வீட்டில் ஓர் இடத்தில் ஒன்பது வேலை நடக்க வேண்டும், அந்த ஒன்பதில் ஆறேழு நாலு சுவருக்குள் நடக்க முடியாதவை.

என் சித்தி முக்கூடலில் இருக்கிறாள். அரசு உதவியில் கட்டிய கான்கிரீட் வீடு. முன்வாசல் படியைத் தாண்டினால் நேராக ஹால். பின்கதவைத் திறந்தால் காம்பவுண்ட் சுவர். வீடு பால் காய்ச்சிய ஆறாவது மாதம் பக்கவாட்டில் நாலு கம்பு நட்டு ஓலையில் ஒரு சாய்ப்பு இறக்கினாள். காலை எட்டு மணி முதல் விளக்கு வைக்கும் வரை அவள் இருப்பது அந்தச் சாய்ப்பில்தான். பீடி சுற்றுகிறவளுக்கு வெளிச்சம் வேண்டும், காற்றும் வேண்டும். ஆனால் மின்விசிறிக் காற்று ஆகாது. தட்டில் இருக்கும் தூள் பறக்கும், வெட்டி அடுக்கிய இலை காய்ந்து ஒடியும். ஹாலில் உட்கார்ந்தால் விசிறியை நிறுத்திவிட்டு டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, புகையிலைத் தூளை அந்த அடைசலுக்குள்ளேயே சுவாசிக்க வேண்டும். குழந்தைகள் படிப்பதும் தூங்குவதும் அதே ஹாலில்தான். லட்சக்கணக்கில் செலவு செய்த கான்கிரீட் பெட்டிக்குள் பீரோவும் டிவியும் இருக்கின்றன. சித்தி இருப்பது ஓலைக்கு அடியில்.

இது ஒரு சித்தியின் கதையாக இருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பெண்கள் வாசற்படியில்தான் இருக்கிறார்கள். பத்தமடையில் பாய் நெய்யும் வீடுகளில் கோரையை ஊறவைக்க, காயவைக்க, சாயம் போட்டு விரிக்க இடம் வேண்டும். ஓர் ஆள் நீளத்துக்குத் தறி தரையில் கிடக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர்களுக்கு உலர்த்த இடம் வேண்டும். காருகுறிச்சியில் வேளார் வீட்டுப் பானை சூளைக்குப் போகும் முன் நிழலில் ஆற வேண்டும். தாமிரபரணிக் கரையின் இரு பக்கமும் வீடு என்பது வேலை செய்யும் இடம். ஹால், பெட்ரூம், கிச்சன் என்று மூன்றாகப் பிரித்த பிளானோ காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும் பட்டணத்துக் குடும்பத்துக்காக வரைந்தது. அதைச் சுருக்கி, இன்னும் சுருக்கி, முந்நூறு சதுர அடிக்குள் அடக்கி நம் தலையில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே சம்பாதிக்கும் பெண் எங்கே உட்காருவாள் என்று அந்தப் பிளானைப் போட்டவர்கள் யாரும் கேட்கவில்லை.

சிறிய இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வெளியூர் போய்க் கற்றுவர வேண்டிய அவசியம் இந்த ஊருக்கு இருந்ததில்லை. திருநெல்வேலி டவுனில் வளவு என்று சொல்வோம். தெருவில் ஒரே வாசல். உள்ளே போனால் நடுவில் நீளமாக வானம் பார்த்த நடை, இரு பக்கமும் வரிசையாக வீடுகள், கடைசியில் கிணறு. வீடு ஒவ்வொன்றும் ஒரு தார்சா (முன்னறை), ஒரு பட்டாசல் (கூடம்), ஓர் அடுக்களை; அவ்வளவுதான். அந்த மூன்றுக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். இருக்க முடிந்ததற்குக் காரணம் அறைகள் அல்ல, நடுவில் கிடந்த நடை. வத்தல் காய்ந்தது அங்கே, கல்யாணத்துக்குப் பந்தி விரித்ததும் அங்கே, மே மாதத்து ராத்திரியில் பாயை உதறிப் போட்டதும் அங்கே.

வளவின் பெருமையைப் பேசும்போது அதன் அழுக்கை மறைக்கக் கூடாது. அந்த வாசலுக்குள் யார் குடியிருக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. அக்ரகாரமானாலும் வளவானாலும் பின்பக்கச் சந்து எதற்கு இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்; கையால் மலம் அள்ள ஒரு மனிதரை அந்த வழியாக வரவைப்பதற்காக இருந்தது. 1993-இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் போட வேண்டிவந்த கொடுமை அது. ராத்திரியில் ஒரு பெண் கழிப்பறைக்குப் போக இருட்டில் புறவாசலைக் கடக்க வேண்டியிருந்ததும் சின்ன விஷயமில்லை. கழிப்பறை வீட்டுக்குள் வந்தது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கழிப்பறை உள்ளே வர முற்றம் ஏன் வெளியேற வேண்டும்? நாலுக்கு ஏழு இடத்தில் கழிப்பறை முடிந்துவிடுகிறது. முற்றத்தைத் தின்றது போர்டிகோவும் பெரிய ஹாலும் இரண்டாவது படுக்கையறையும்தான்.

அந்த இரண்டாவது படுக்கையறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த சிறிய வீடுகளில் அது ஒரு வருஷத்துக்குள் சாமான் அறையாகிவிடுகிறது. பழைய கட்டில், கிரைண்டர், கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், மடக்கு நாற்காலி. மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் சந்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அடுத்த வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு வேண்டும். குடும்பம் முழுக்க ஹாலில் ஒரே விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறது.

முற்றத்தை மூடி இப்படி ஓர் அறை எடுக்க ஆகும் செலவைப் பாருங்கள். சதுர அடிக்கு 2000 ரூபாய்க்குக் குறைத்து இன்று கான்ட்ராக்டர்கள் பேசுவது அரிது. எட்டுக்கு ஒன்பதில் ஒரு முற்றம் விட்டால் 72 சதுர அடி. அதை மூடினால் 1,44,000 ரூபாய். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் சமவெளிக் கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு முழு வீட்டுக்கென்று மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தீர்மானித்த அடிப்படைத் தொகையே 1,20,000 ரூபாய்தான். முற்றத்துக்கும் தளம், தண்ணீர் போக வழி, மேலே கம்பி என்று செலவு உண்டு. அதையெல்லாம் கழித்தாலும் பாதிப் பணமாவது கையில் நிற்கும். ஆனால் கட்டுமானத்தில் கூலி, கமிஷன், மதிப்பீடு எல்லாமே கட்டிய சதுர அடியை வைத்துத்தான். கட்டாமல் விட்ட இடத்தால் கான்ட்ராக்டருக்கு ஒரு காசு இல்லை. கடன் கொடுக்கிறவர் அளப்பதும் கூரை போட்ட பரப்பைத்தான். முற்றம் வேண்டும் என்று எடுத்துச் சொல்ல பிளான் போடும் மேஜையைச் சுற்றி ஒருவரும் இல்லை, குடியிருக்கப் போகிறவரைத் தவிர. அவரும் நாலு பேர் வந்து பார்க்கும்போது ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று வாயை மூடிக்கொள்கிறார்.

பணம் மட்டுமில்லை, காற்றும் இதில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று இந்த மண்ணுக்குக் கிடைத்த சொத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடியிலும் இராதாபுரத்திலும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் எடுத்த மின்சாரத்தை வாங்கி, மேற்கே ஜன்னல் வைக்காத வீட்டுக்குள் ஏசி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓர் அறைக்குள் காற்று நுழைய வேண்டுமானால் வெளியேற இன்னொரு வழி இருக்க வேண்டும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் காற்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். முற்றம் அந்த வெளியேறும் வழி. கோடையில் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். வானம் பார்த்துக் கிடக்கும் தரையோ பொழுது சாய்ந்ததும் சூட்டை மேலே விட்டுவிட்டு ஆறத் தொடங்கும்; குளிர்ந்த காற்று கீழே தங்கும். தாத்தா பாட்டிமார் அரங்கு என்ற உள்ளறைக்குள் படுக்காமல் முற்றத்தை ஒட்டிப் படுத்தது இதனால்தான்.

முற்றம் விடச் சொன்னதும் தம்பி கேட்ட முதல் கேள்வி, திருடன் வந்தால்? கம்பி போடலாம், ஜன்னலுக்குப் போடுவது போலத்தான். மழை பெய்தால்? பெய்யட்டும். மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். முற்றத்தில் விழும் தண்ணீரை ஒரு குழியில் இறக்குவதைவிட எளிய வழி இல்லை. கொசு? அதற்கு வலை அடிக்கத்தான் வேண்டும், அந்தத் தொந்தரவை நான் மறுக்கவில்லை. கனமான கேள்வி கடைசியில் வந்தது: "நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம் ஆனா ரூமுக்கு எங்கே போவேன்?"

இதற்கு நவி மும்பையில் ஒரு பதில் இருக்கிறது. 1980-களில் பேலாப்பூரில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பைத் திட்டமிட்டார். மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 வரைதான். அதற்குள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக வானம் பார்த்த இடம் விட்டார். ஏழு வீடுகளைச் சேர்த்து எட்டுக்கு எட்டு மீட்டரில் ஒரு பொது முற்றமும் வைத்தார். பக்கத்து வீட்டோடு சுவரைப் பொதுவாக்காமல் கட்டியதால் தேவைப்படும்போது அவரவர் கூட்டிக் கட்ட முடிந்தது. பிற்பாடு பலர் இடித்துப் பெரிய வீடாக எழுப்பிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இடிக்கவும் கூட்டவும் அவர்களுக்கு வழி இருந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இன்றைக்கே மனையை முழுக்க மூடிவிட்ட வீட்டில் நாளைய மருமகளுக்கு மாடி ஒன்றுதான் மிச்சம், அதுவும் அஸ்திவாரம் தாங்கினால்.

நம் அரசுத் திட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது, யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, உதவி மூன்றரை லட்சம் ரூபாய். இதில் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத எந்தக் கூரையையும் பயனாளி விருப்பம்போல் போட்டுக்கொள்ளலாம். பத்துக்கு ஆறு. ஓட்டுச் சாய்ப்பு இறக்கித் திண்ணை கட்ட அது போதும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றலாம். ஆனால் கட்டுகிறவர்கள் அந்த அறுபதையும் கான்கிரீட்டில் சேர்த்து, சுவர் எழுப்பி, ஹாலை நீட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வெளியே நாலு கம்பு நட வேண்டியதாகிறது. பொறியாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வரைபடத்தில் முதல் கோட்டை அந்தச் சாய்ப்புக்குப் போடுங்கள், அறைகளைப் பிறகு அதற்கு ஒட்டி அடுக்குங்கள்.

தம்பியின் பிளானை நான் திருப்பி அனுப்பவில்லை, பென்சிலால் திருத்தினேன். போர்டிகோவை அடித்துவிட்டுத் திண்ணை. இரண்டாவது படுக்கையறையை எடுத்துவிட்டு, தெற்குச் சந்தோடு சேர்த்து உள்ளே வாங்கிய முற்றம், எட்டுக்கு ஒன்பது. அடுக்களைக் கதவும் ஹால் ஜன்னலும் அதை நோக்கித் திறக்கும். அம்மிக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அதில் ஓர் அங்கணம். மேற்கு வெயில் பின்சுவரில் விழாமல் ஒரு சாய்ப்பு. தம்பி மனைவி அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தின் ஒரு மூலையைத் தொட்டு, "இங்கெ தையல் மிஷினைப் போடலாமா அத்தான்?" என்று கேட்டாள். தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. தை மாதம் கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட வரும்போது நான் அங்கே நிற்பேன்.