விளையாட்டில் குருபக்தி

2021-ம் வருஷம் மே மாதத்தில், சென்னைத் துறைமுகத்தை அடுத்த பூக்கடை அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்தில் 19 வயதுப் பெண்ணொருவர் கொடுத்த புகாரின் மேல், பெயர்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டப்படி கைதானார். தாம் சிறுமியாயிருந்த காலந்தொட்டு, காயத்துக்கு வைத்தியம் செய்வதாகச் சொல்லி அவர் அத்துமீறினார் என்பது புகார். ஒருவர் வாய் திறந்ததும் வேறு பெண்களும் முன்வந்தார்கள். குற்றத்தைத் தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. நாம் கேட்பதெல்லாம், இத்தகைய விஷயங்களில் பெண்கள் வருஷக்கணக்காய் வாய் திறக்க முடியாதபடி செய்வது எது என்பதேயாகும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் மூட்டை சுமப்பவர், வலை வீசுபவர், ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்கல்ல. காலேஜில் இடத்துக்கும், ரயில்வே, போலீஸ் உத்தியோகத்துக்கும் அதுவே வழி. அவ்வழியின் சாவியாகிய தேர்வும் சிபார்சும் ஒரே ஆசாமியின் கையில் இருக்கின்றன. அதன் மேல் குருபக்தி என்னும் பூட்டு வேறு!

ஏகலைவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்ததைப் புராணிகர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். கேட்டு வாங்கிய துரோணரின் யோக்கியதையைப் பற்றிக் கேட்பாரில்லை. விரலையே கேட்டாலும் கொடு என்று போதிக்கும் நாட்டில், ஒரு சிறுமி ‘முடியாது’ என்று சொல்ல எங்கே கற்றிருப்பாள்?

அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் டாக்டர் லாரி நாசர் மீது 1997-லேயே முறையிட்டதாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்கொடுமைகளுக்குத் தண்டனை வந்ததோ 2018-ல். அன்று கோர்ட்டில் பேசியவர்கள் 150 பேருக்கு மேல்! இடைக்காலத்தில் காப்பாற்றப்பட்டது ஸ்தாபனங்களின் பெயரே ஒழிய குழந்தைகளல்ல.

நிற்க. இங்கே சட்டமில்லையா? 2013-ம் வருஷத்துப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் விளையாட்டு ஸ்தாபனத்தையும் வேலையிடமென்றே சொல்கிறது. அப்படியிருந்தும் 2023-ல் இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தை விசாரித்த கமிட்டி, அங்கே சட்டப்படியான புகார்க் கமிட்டியே இல்லையென்று கண்டது. ஒலிம்பிக் மெடல் வாங்கிய சாக்ஷி மாலிக்கே டில்லித் தெருவில் உட்கார வேண்டியிருந்ததென்றால், எண்ணூர்ப் பெண் எங்கே போவாள்?

ஆகவே, பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதைப் பலர் கூடிச் செய்யவேண்டும். வைத்தியம் மூடிய அறையில் நடக்கக் கூடாது. புகாரை வெளியார் விசாரிக்கவேண்டும். தமக்குக் கீழுள்ளவர் குழந்தைக்குச் செய்த கொடுமையை அறிந்தும் போலீசுக்குச் சொல்லாத ஸ்தாபனத் தலைவருக்குப் போக்சோ விதிக்கும் ஒரு வருஷம் வரையிலான சிறை, ஏட்டுச் சுரைக்காயாய் இருக்கக் கூடாது. யோக்கியமான பயிற்சியாளருக்கு இவற்றால் யாதொரு நஷ்டமுமில்லை.

பெற்றோர்களே! ‘மானம் போய்விடும்’ என்று குழந்தையின் வாயை மூடாதீர்கள், 1098-க்குச் சொல்லுங்கள். மானம் போகவேண்டியது செய்தவனுக்கும், தெரிந்தே மறைத்த ஸ்தாபனத்துக்குமேயாகும்.