வாய் மூடியிருக்கவா எதிர்க்கட்சி?



ஆளுங்கட்சி தவறு செய்தால் தட்டிக் கேட்பதற்குத்தான் எதிர்க்கட்சி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சில தலைவர்களோ, "இப்போ வேண்டாம், சமயம் பார்த்துப் பேசலாம்" என்பார்கள். அந்தச் சமயம் வருவதற்குள் அடிபட வேண்டியவன் அடிபட்டுப் போயிருப்பான். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்.

2015 மே மாதத் தேர்தலில் அங்கே கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்தது. ஜெயித்த கையோடு ஒரு மசோதா வந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் பிள்ளைகளுக்கான உதவித் தொகை இனிமேல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, கிடையாது!

தொழிற்சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய தொழிற்கட்சி என்ன செய்திருக்க வேண்டும்? சீறி எழுந்திருக்க வேண்டாமா? இடைக்காலத் தலைவர் ஹாரியட் ஹார்மனோ, மக்கள் இரண்டு முறை நம்மைத் தோற்கடித்த பிறகு எல்லாவற்றையும் எதிர்க்க முடியாது என்றார். ஜூலை 20ஆம் தேதி, கட்சி கொண்டு வந்த திருத்தம் தோற்றதும், வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டார்கள். மசோதா 308க்கு 124 என்று அந்தக் கட்டத்தைத் தாண்டியது. தொழிற்கட்சியில் 48 பேர் மட்டும் கட்டளையை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜெரமி கோர்பின். இரண்டே மாதத்தில் கட்சிக்காரர்கள் அவரையே தலைவராக்கினார்கள். தொண்டன் மனசு எப்படிக் கொதித்திருக்கிறது என்று புரிகிறதா?

எனக்கு ஏன் இந்த ஆத்திரம் என்று கேட்கலாம். எங்க வீட்டில் நான் மூன்றாவது பிள்ளை. அண்ணன் எட்டாவதோடு தறிக்குப் போய்விட்டான். அக்கா பத்தாவதோடு பனியன் கம்பெனிக்கு. அவர்கள் கூலியிலும், அரசாங்கம் தந்த பஸ் பாஸிலும், உதவித் தொகையிலும்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பாலிடெக்னிக் படியேறினேன். மூன்றாவது பிள்ளை கணக்கில் வராது என்று எந்த நாட்டுச் சட்டம் சொன்னாலும் அது என்னைச் சொல்வது போலத்தான் இருக்கிறது.

"துணிச்சல்காரர் கோர்பின் 2017லும் 2019லும் தோற்றாரே? நிதானமாகப் போன கீர் ஸ்டார்மர்தானே 2024 ஜூலையில் 411 இடம் பிடித்தார்?" என்பீர்கள். உண்மைதான். ஆட்சியைப் பிடிக்காமல் சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் மேலே படியுங்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோதே, 2023ல், இந்த வரம்பை நீக்கப் போவதில்லை என்றவர் ஸ்டார்மர். ஜெயித்த அதே மாதம், அதை நீக்கக் கோரி வாக்களித்த தம் கட்சி எம்.பி.க்கள் ஏழு பேரைக் கட்சிக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். வெளியே இருந்தபோது பழகிய பயம், நாற்காலியில் உட்கார்ந்ததும் போய்விடுமா? கடைசியில் 2025 நவம்பர் பட்ஜெட்டில்தான், 2026 ஏப்ரல் முதல் வரம்பு நீங்கும் என்று அறிவித்தார்கள். 2017 ஏப்ரலில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது! போன ஒன்பது வருஷப் பாலையும் புத்தகத்தையும் யார் திருப்பித் தருவார்கள்?

பாய்லரில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கிறது. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் அது திறந்தே ஆக வேண்டும். திறக்காத வால்வை யாரும் நிதானமான வால்வு என்று பாராட்டுவதில்லை. கெட்டுப்போன வால்வு என்றுதான் கழற்றி எறிவோம்.

நண்பர்களே, நம்மில் பலர் முதல் ஓட்டுப் போடப் போகிறவர்கள். எந்தக் கட்சி வாசலுக்கு வந்தாலும், "ஜெயிச்சா என்ன செய்வீங்க?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "எதிர்க்கட்சியா இருந்தப்போ எங்களுக்காக என்ன பேசினீங்க?" என்றும் கேட்போம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு